அவசரத்துக்கு ஒரு நம்பர்

பிரைவேட் ஈக்விட்டி வேலையை விட்டு ஹெட்ஜ் ஃபண்டுக்கு ஏன் போனாய் என்று கேட்பவர்களிடம், சம்பளம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மை வேறு. பழைய ஆபீசில் நாங்கள் கம்பெனிகளை மொத்தமாக வாங்குவோம். நாலைந்து வருடம் வைத்திருந்து, செலவைக் குறைத்து, நல்ல விலைக்கு விற்போம். செலவு என்றால் ஆட்கள்தான். எந்தப் பிரிவில் எத்தனை பேர் அதிகம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவளின் மகள் நான், தொழிற்சாலைப் பெண்களை ‘உபரி’ என்று எழுதினேன். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்களைப் பார்த்ததும் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

ஹெட்ஜ் ஃபண்டில் பங்குகளை வாங்குவதும் விற்பதும்தான். விலை ஏறும் என்றும் பந்தயம், இறங்கும் என்றும் பந்தயம். யார் பிழைப்பிலும் கைவைக்க வேண்டியதில்லை என்று நம்பினேன். படித்த முட்டாள்.

சேர்ந்த மூன்றாவது வாரம் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, “உங்க அக்கா அங்கதான் வேலை பார்க்கிறாங்கன்னு சொன்னீங்களே. ஷிஃப்ட் எல்லாம் எப்படி ஓடுதாம்?” என்று கேட்டார். கம்பெனி வெளியிட்டதை வைத்துத்தான் பேசுவேன், வெளியிடாத உள்விஷயத்தை வைத்துப் பங்கு வாங்கி விற்பது குற்றம், அக்காவைக் கேட்க மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

“இன்னாடி, உங்க ஆபீஸ்ல இவ்ளோ மரியாதையா பேசறாங்க? மேடம் மேடம்னு கூப்டுகினு.”

“யாருக்கா பேசினது?”

“உன் மேனேஜராம். உன்னைப் பத்தி நல்லா சொன்னாரு. அப்பால சும்மா எங்க கம்பெனியைப் பத்தி விசாரிச்சாரு. நைட் ஷிஃப்ட்டை நிறுத்திட்டாங்க, ரெண்டு பஸ்ஸு கம்மி பண்ணிட்டாங்க, ஒரு லைன் சும்மாத்தான் கீதுன்னு சொன்னேன். புது வேலையாச்சே, உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் நான்தான் அவள் நம்பரை எழுதிக் கொடுத்தேன். நான் மயங்கி விழுந்தால் கூப்பிட வேண்டிய நம்பர் அது. அதை எடுத்துத் துப்பு விசாரித்திருக்கிறார். அக்காவின் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொன்னது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மறுநாள் நெம்மேலி தாண்டி ஒரு கடற்கரை விடுதியில் எங்கள் குழுவுக்குக் கூட்டம். மேனேஜர் அரைக்கால் சட்டையோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்று, எந்தத் தைரியத்தில் என் அக்காவுக்குப் போன் பண்ணினீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அவங்க என்ன டைரக்டரா? சாதாரண ஒர்க்கர். அவங்களுக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரிஞ்ச மாதிரி” என்றார்.

ஊருக்கே தெரியுமென்றால் ஊரைக் கேட்டிருக்க வேண்டியதுதானே? விஷயத்தைக் கறக்கும்வரை மேடம், கறந்த பிறகு சாதாரண ஒர்க்கர். அக்கா கம்பெனியின் பங்கு விலை இறங்கும் என்று காலையிலேயே பந்தயம் கட்டியாகிவிட்டது.

விடுதி வராந்தாவிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் ஆபீசின் புகார்ப் படிவத்தைத் திறந்தேன். தகவல் சொன்னவர் பெயர், அவர் வேலை செய்யும் இடம் என்று கேட்டது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் நகரவில்லை. இது மேனேஜருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு நிதானமாக இளநீர் குடித்தார். அந்த ஆளை மாட்டிவிட வேண்டுமென்றால் முதலில் அக்காவை மாட்டிவிட வேண்டும். படிவத்தை மூடிவிட்டு அவளுக்குப் போன் பண்ணினேன்.

“இனிமே எங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா எடுக்காதக்கா.”

“ஏன்டி, நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?”

“இல்லக்கா. எல்லாம் சரியாத்தான் சொன்ன.”

“அப்பாடா” என்றாள். “உன் வேலைக்கு எதுனா ஆயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.”