ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை

பொம்மை கார் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். பொம்மைக்கு யாராவது மெத்தனாலும் நைட்ரோவும் கலந்து ஊற்றுவார்களா? என் ரிமோட் வண்டியின் இன்ஜின் உள்ளங்கையில் அடங்கும், ஆனால் அதற்குள் நிஜமான பிஸ்டன் இருக்கிறது, கார்புரேட்டர் இருக்கிறது. கிளப்பினால் தெரு நாய்கள் அடுத்த நகருக்கு ஓடிப்போகும். அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் டேங்க் என்னவோ ஒரு டீ கிளாஸ் அளவுதான். நிரப்பினால் ஏழு, மிஞ்சினால் ஏழரை நிமிடம் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் பந்தயத்தின் இறுதிப் போட்டி அரை மணி நேரம். ஆக, நடுவில் நான்கு முறை வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து எரிபொருள் ஊற்றியே ஆக வேண்டும்.

ஓட்டுகிறவனே ஊற்ற முடியாது. அவன் ரிமோட்டைப் பிடித்தபடி உயரமான மேடையில் நிற்பான். ஊற்றுகிறவன் மேடைக்குக் கீழே, தடத்தின் ஓரமாக பாட்டிலோடு குந்தியிருப்பான். வண்டி வந்ததும் ஒரு கையால் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, மறு கையால் பாட்டிலை அமுக்கி நிரப்பி, மூடி, திரும்பத் தரையில் விட வேண்டும். இன்ஜின் அணையக் கூடாது. எனக்கு அந்த வேலையைச் செய்தவன் என் மச்சான்.

வாய்ப்பேச்சுக்கு மச்சான் இல்லை, நிஜ மச்சான். தாம்பரத்தில் கல்லூரியில் என்னோடு படித்தவன். பிற்பாடு அவன் தங்கையைத்தான் நான் கட்டிக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பான். தடத்துக்கு வந்துவிட்டால் "டேய் தடியா, அந்த நீடிலத் தொடாத!" தான். பள்ளியில் கணக்கு வாத்தியார். நேரத்தில் படு கறார். மேடையில் நின்றால் என்னால் வண்டியை விட்டு வேறெங்கும் கண்ணைத் திருப்ப முடியாது. கீழேயிருந்து அவன் குரல்தான் எனக்குக் கடிகாரம். "அஞ்சு ஆச்சு... ஆறு... ஏழு, உள்ள வா." இரண்டரை நொடியில் ஊற்றி அனுப்பிவிடுவான். அதற்காகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் செம்பாக்கத்தில் அவன் வீட்டு மொட்டை மாடியில், ஓடாத பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பழகுவான். அவன் மனைவி துணி காயப்போட்டபடியே, "அங்க துளசி வாடிக் கெடக்கு, ஒரு நாளாவது அதுக்கு ஊத்தியிருப்பீங்களா?" என்று கேட்பாள். அவன் காதிலேயே வாங்க மாட்டான்.

மேடவாக்கம் தாண்டி, விற்காமல் கிடந்த ஒரு பெரிய மனையில் மண்ணை மேடும் பள்ளமுமாகக் கொட்டித் தடம் போட்டிருந்தோம். நிலத்துக்காரர் தண்ணீர் லாரியும் வைத்திருந்தார். புழுதி அடங்க அவரே காலையில் நீர் தெளித்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அங்கேதான் முதல்முறையாக அது நடந்தது. வண்டி உள்ளே வந்தது. பாட்டிலின் மூக்கு டேங்குக்குள் போகாமல் ஓரத்தில் தட்டித் தட்டி ஆடியது. எரிபொருள் சூடான இன்ஜின் மேல் கொட்டிப் புகைந்தது. வண்டி நின்றுபோனது. முன்னணியில் போய்க்கொண்டிருந்தவன் கடைசிக்கு வந்தேன்.

அதற்குப் பல மாதங்கள் முன்பே அவன் வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்திருந்ததாம். என்னிடம் சொல்லவில்லை. தாம்பரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்று சொல்லி, மாத்திரையால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அவன் ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. ஆனால் நாலு தடவை ஊற்றினால் ஒரு தடவை கொட்டியது. ஒருநாள் நிலத்துக்காரர் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா சார், வாத்தியாருக்குக் கை இம்மா ஆடுது. வேற ஆளப் போட்டுக்கினு ஜெயிக்கிற வழியப் பாரு சார்."

அவர் கெட்டவர் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். எனக்குத்தான் தலைக்கேறிவிட்டது. "உங்க லாரி வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டேன். மச்சான் குனிந்து பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நிலத்துக்காரர் சொன்னது எனக்கும் தோன்றியதுதான். தோன்றியதால்தான் அவ்வளவு கோபம்.

ஆளை மாற்ற மாட்டேன், இன்ஜினை மாற்றுகிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு டேங்க் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கினால் நான்கு நிறுத்தம் இரண்டாகும். இரண்டு தடவை அவன் கை தாங்காதா? அந்த ஒன்றரை மாதமும் நான் வீட்டில் மனுஷனாகவே இல்லை. கார்புரேட்டரின் வாயில் சிறிய துளையுள்ள வளையத்தைப் போட்டுக் காற்றைக் குறைத்தேன். நைட்ரோ குறைவான எரிபொருளுக்கு மாறினேன். பல்சக்கரத்தை மாற்றி, அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும்படி செய்தேன். ஓட்டுவதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வளைவுக்கு வளைவு விசையை முழுக்க அமுக்கும் என் புத்தியை அடக்கி, கிழவன் மாதிரி தடவித் தடவி ஓட்டப் பழகினேன்.

கடைசியாக நீடில். எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்று அளக்கிற சின்னத் திருகு அது. கொஞ்சம் இறுக்கினால் குறைவாகக் குடிக்கும். ஆனால் இந்த இன்ஜினுக்கு எண்ணெயும் எரிபொருளோடு கலந்துதான் போகிறது. பேராசைப்பட்டு இறுக்கினால் உள்ளே வறண்டு, சூடேறி, ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிடும். கால் சுற்றில் கால் பங்கு இறுக்குவேன், ஓட்டுவேன், இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். அது மெதுவாகச் சுருங்கி ஆவியானால் நிம்மதி. பட்டதும் தெறித்து ஓடினால் திரும்பத் தளர்த்துவேன். எட்டு நிமிடம் வந்தது, ஒன்பது வந்தது. பத்தரை வந்த அன்றைக்கு நான் சமையலறைக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" என்றாள். பந்தயத்தன்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

பந்தயத்தன்று காலையில், "இன்னைக்குப் பத்துக்குக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

"பத்தா?"

"ஆமா. நடுவுல ரெண்டே தடவைதான். இன்னைக்கு ஒரு கை பாத்துடலாம்."

அவன் தலையாட்டிவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போனான். பந்தயம் தொடங்கியது. ஐந்து என்றான், ஆறு என்றான், ஏழு என்றான். பழக்க தோஷத்தில் நான் ஒரு கணம் கீழே பார்த்துவிட்டேன். மற்ற வண்டிகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. பாட்டில்காரர்கள் எல்லாம் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து, எங்கள் வண்டி தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தில் கூப்பிட்டான், இருபதில் கூப்பிட்டான். இரண்டு முறையும் ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டாவதாக வந்தோம். அதுவரை நாங்கள் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை.

காரில் திரும்பினோம். மேடவாக்கம் சந்திப்பில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றோம்.

"என் கைக்காகத்தான பண்ணின?" என்றான்.

"சேச்சே! ஜெயிக்கறதுக்குடா. நாலு தடவ உள்ள வந்தா எவ்ளோ நேரம் போகுது..."

"கணக்கு வாத்தியார்கிட்டயே கணக்கு சொல்றியா?" என்று சிரித்தான். பிறகு சாலையைப் பார்த்தபடி சொன்னான். "ஸ்கூல்ல போர்டுல எழுத வேணாம்னுட்டாங்க. டைம்டேபிள் போடச் சொல்றாங்க. வீட்ல காபி அரை டம்ளர்தான் வருது. பையன் என்னைக் கேக்காமலே ஸ்கூட்டர் சாவிய எடுத்து வச்சுக்கிட்டான். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் பண்றாங்க, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் என்னை நம்பி ஒரு வண்டி வரும். நாலு தடவ வரும். கொட்டினாலும் திரும்ப வரும். அதுல பாதிய நீ எடுத்துட்ட."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடப்பாவி, ஒன்றரை மாதம் உட்கார்ந்து எவ்வளவு அக்கறையாக இந்தக் கொடுமையைச் செய்திருக்கிறேன்! ஹாரனை அடித்தேன். லாரி நகரவில்லை.

வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். பழைய வளையம், பழைய பல்சக்கரம், பழைய எரிபொருள். நீடிலையும் தளர்த்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு பந்தயம் இல்லை, வெறும் பயிற்சிதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, வண்டியை அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவன் தூக்கினான், மூடியைத் திறந்தான், அப்படியே நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது.

"ஏண்டா வந்த?"

"இல்ல, சும்மா... ஒரு பாதுகாப்புக்கு."

அவன் எதுவும் ஊற்றாமல் மூடியை மூடி வண்டியைத் தரையில் விட்டான். "காலியாகறப்ப வா" என்றான். அவ்வளவு பேர் நடுவில் அவன் என்னிடம் கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஓட்டினேன். நாலு, அஞ்சு, ஆறு என்று அவன் குரல் வந்துகொண்டிருந்தது. ஏழு என்றதும் உள்ளே வந்தேன். இந்த முறை டேங்க் நிஜமாகவே காலி.

அவன் கை முதலில் வண்டியின் பின்சிறகில் இடித்தது. பிறகு சக்கரத்தில். அவன் வண்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஆடும் வலது கையை இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பாட்டிலின் மூக்கு உள்ளே போனபோது இன்ஜின் அணைந்துவிட்டது. அது தெரிந்தும் அவன் நிறுத்தவில்லை. சிந்தியது பாதியும் போனது பாதியுமாக, டேங்க் விளிம்பு வரை நிரம்பும்வரை ஊற்றினான். மூடியை அழுத்தி மூடினான். மற்ற வண்டிகள் எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தன. நான் மேடையிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நெறஞ்சிடுச்சு" என்றான். "வண்டிதான் நின்னுடுச்சு."

"பரவால்லடா. கிளப்பிக்கலாம்."

"மாப்ள, அந்தப் பத்தரை நிமிஷ செட்டிங் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன். அதையே வச்சுக்கோ. அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளப் பாரு. உனக்காகச் சொல்லல. எனக்கே போதும்னு இருக்கு."

அத்தனை பேர் பார்க்க அழுதேன், வெட்கமாக இல்லை. அவன் அழவில்லை. "பிடி" என்று பாட்டிலை என்னிடம் நீட்டினான். நான் வாங்கக் கையை நீட்டினேன். அவன் விரல்கள் பாட்டிலை இறுக்கிப் பிடித்தபடி விறைத்திருந்தன, விடவில்லை. விடத்தான் அவன் பார்த்தான். "இருடா" என்றான். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வரல மாப்ள, நீயே எடுத்துக்கோ" என்றான். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.