ஏறுவதற்கு மட்டும் போட்ட கணக்கு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சனிக்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு, தம்பி சங்கரும் நானும் அவனுடைய பழைய ஜீப்பில் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம்.

2. ஜீப்பைப் புதிதாக உயர்த்தியிருந்தோம். இருபத்தெட்டு அங்குல டயர் இருந்த இடத்தில் முப்பத்துமூன்று அங்குல டயர்.

3. நன்றாக ஏறியது.

4. இறங்கும்போது, பாதி வழியில், ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கவில்லை.

நான்காவதை எழுதும்போது இப்போதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

இந்த ஜீப் விளையாட்டுக்கு அல்ல. மேலே எஸ்டேட் லயங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், பதினொரு பிள்ளைகள். பள்ளிக்கூடம் கீழே. பஸ்... வந்தால் வரும். திங்கள் முதல் அவர்களைத் தினமும் கீழே கொண்டுவந்து, திரும்ப மேலே விடும் வேலை சங்கருக்குக் கிடைத்திருந்தது. லயத்துப் பாதையை மழை அரித்து வெறும் பாறையாக்கிவிட்டது. சாதாரண டயரில் போனால் ஆக்ஸிலின் வயிறு கல்லில் இடிக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மட்டும்தான் உயரும். ஆக்ஸில் உயர வேண்டுமானால் பெரிய டயர்தான் வழி.

எந்த டயர்? எந்தக் கியர் விகிதம்? கணக்குப் போட்டுத் தந்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த நான்தான்.

டயர் பெரிதானால் இழுவை குறையும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பற்சக்கர ஜோடியை மாற்றினால் இழந்ததைத் திரும்பப் பெறலாம். ஆனால் அது கிடைக்க நாளாகும். இருக்கிற பல்லிலேயே, முதல் கியரில் ஏறிவிடும் என்று தாளில் நிரூபித்தேன். கடைசி வரிக்கு அடிக்கோடுகூடப் போட்டேன்.

சரி, ஏறியது. ஆனால் இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் அதே பல்தானே? அந்தப் பிடி குறைந்த அளவுக்குச் சுமை முழுவதும் பிரேக்கின் தலையில். ஸ்பீடோமீட்டர் வேறு பழைய டயர் என்றே நினைத்துக்கொண்டு முப்பது காட்டியது — ஓடியது முப்பத்தைந்தில்.

“அக்கா... பெடல் கீழே போறது.”

“விட்டு விட்டு மிதி.”

“மிதிக்கறேன்! ஒண்ணுமே இல்லை!”

லோ கியர் — நான்கு சக்கரத்தையும் சேர்த்து மெதுவாக இழுக்கும் தனிக் கியர் — போடலாம். இந்த ஜீப்பில் லோ விழ வண்டி ஏறக்குறைய நிற்க வேண்டும். நிற்காததுதானே பிரச்சினை?

“மலைப்பக்கம் ஒதுக்கு. ஓடையிலே இறக்கு.”

“ஆக்ஸில் போயிடும்!”

“போகட்டும்டா!”

இடது சக்கரங்கள் சாலையோர ஓடையில் விழுந்தன. கல்சுவர் என் பக்கத்துக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. உரசி, முனகி, நின்றோம். கருகிய வாடை. சங்கர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெஞ்சும் காலி.

திங்கட்கிழமை காலியாக இருந்திருக்காது.

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, லோ போட்டு, நடக்கிற வேகத்தில் கீழே வந்தோம். நேராகக் கரமனை ஒர்க்‌ஷாப். டயர் மாட்டிய தாஸ், சங்கரின் வகுப்புத் தோழன். என் தாளை டூல் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினான்.

“சேச்சி, ரெண்டு பக்கம் எழுதித் தந்தீங்களே... எல்லாம் ஏத்தம்தானே? எறக்கம்னு ஒரு வரி உண்டா, பாருங்கோ.”

“மாட்டறப்பவே கேட்டிருக்கலாமோல்லியோ?” என்றான் சங்கர்.

“இன்ஜினியர் எழுதினதை நான் கேக்கவோ? எனக்கு வேற சோலி இல்லையா?”

நியாயம்தான். படித்தவர் எழுதிய தாளை யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுதியவரும் கேட்பதில்லை. வண்டி விற்பவர், வாங்குபவர், நான் — எல்லோருக்கும் ஒரே கேள்வி: ‘ஏறுமா?’

தாளைத் திருப்பிப்போட்டு மறுபடி எழுதினேன். இப்போதைய ஜோடி முப்பத்தொன்பது பல்லுக்கு எட்டு. நாற்பத்துமூன்றுக்கு எட்டு போட்டு, டயரை முப்பத்தொன்றுக்குக் குறைத்தால் பழைய பிடி ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும். பிரேக் ஷூ புதிது. முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே பல் — ஒன்றை மட்டும் மாற்றினால், லோ போட்டதும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

“அதுவரைக்கும் லோவிலேயே இறக்கறேனே அக்கா. குழந்தைகள்ளாம் காத்துண்டிருக்கும்.”

“தார் ரோட்டுல தினம் லோ போட்டு அத்தனை வளைவும் ஒடிச்சா கியர்பெட்டி உடையும். எந்த வளைவுலன்னு உனக்குத் தெரியுமா?”

“பேடிச்சுட்டியா?”

“ஆமா, பயம்தான்.”

என்னையே பார்த்தான். பிறகு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்தான். பேசியது கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

இன்று வியாழக்கிழமை. பின் ஆக்ஸிலுக்குப் பல் ஜோடி கிடைத்துவிட்டது. முன் ஆக்ஸிலுக்கு இன்னும் இல்லை. ஜீப் கட்டைமேல் நிற்கிறது. பிள்ளைகள் நடக்கிறார்கள்.