அம்மாவின் முழங்காலும் ராத்தாவின் துஆவும்

எங்கள் வீட்டில் கடவுளிடம் சில்லறையாக எதையும் கேட்கக் கூடாது. அது அம்மாவின் சட்டம். பின்னேரம் விளக்கேற்றிப் பாய் விரித்தால் ஆளுக்கொரு ஜெபம் சொல்ல வேண்டும். தம்பி ஒருநாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஒரு சைக்கிள் கேட்டான். நிறத்தைக்கூடச் சொன்னான். அவன் ஆமென் சொல்லும் முன்பே அம்மாவின் குரல் எழும்பியது.

"சைக்கிள அப்பாட்டக் கேள். ஆண்டவரிட்டப் பெரிசாக் கேள்."

பெரிசு என்றால் லொறியா என்று தம்பி கேட்டான். அன்றைய ஜெபம் அத்தோடு முடிந்தது.

அம்மாவுக்குப் பெரிசு என்றால் இரட்சிப்பு. ஆண்டவரிடம் கேட்கத் தகுந்தது அது ஒன்றுதான். வயிற்றுக்குத்து, பரீட்சை, மழை, காணாமற்போன ஆடு எல்லாம் வந்து போகிற சங்கதிகள். ஆத்துமாதான் என்றைக்கும் இருக்கப்போகிற சாமான். நான் கணக்குப் பரீட்சைக்காக மன்றாடியபோது, அதற்குப் படித்தால் காணும் என்றார். எனக்குப் பொல்லாத கோபம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கடவுள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், எங்களுக்கு மட்டும் மோட்சம் என்று ஒன்றை என்றைக்கோ ஒருநாள் தரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கல்முனையில், பஸாருக்குப் பின்னால் கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தோம். அப்பாவுக்குக் கந்தோர் வேலை. அம்மா ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் வந்து போகிறவர்தான் ராத்தா. ராத்தா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அக்கா. அம்மா அப்படிக் கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முறை பிழை என்று யாரும் திருத்தவில்லை. அவருடைய வீட்டுக்காரருக்குப் பஸாரில் புடவைக்கடை. ராத்தாவுக்கு முட்டு என்கிற இழுப்பு வருத்தம் இருந்தது. மாரி தொடங்கினால் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் எங்கள் குசினி வரை கேட்கும்.

இரண்டு பேரும் வேலியடியில் நின்றால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். மீன்காரரோடு சண்டை பிடித்து விலையைக் குறைத்துவிட்டு, அதே மூச்சில் மறுமையைப் பற்றிக் கதைப்பார்கள். மவுத்தை, அதாவது சாவைப் பற்றிப் பேசும்போது இரண்டு முகத்திலும் ஒரு சந்தோஷம் இருக்கும், கலியாணத்துக்குப் போக உடுப்பு எடுக்கிறவர்களைப் போல. இந்த உலகம் பொய், அந்த உலகம்தான் மெய் என்பதில் அவர்களுக்குள் ஒரு சின்ன வித்தியாசமும் இல்லை. போகிற வழியில்தான் வித்தியாசம். மற்றவருக்கு வழி தப்பிவிட்டது என்று இருவருமே உள்ளுக்குள் நம்பினார்கள். அதை ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொன்னதில்லை.

ஆனால் ஆண்டவரிடம் அம்மா சொன்னார். ஒவ்வொரு பின்னேரமும், கடைசி வேண்டுதலாக, பக்கத்து வீட்டுச் சகோதரி கண் மூடுமுன் இரட்சிக்கப்பட வேண்டும் என்று கண்ணீரோடு கேட்பார். அம்மாவுக்கு மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. ஆண்டவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன என்று அப்பா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் அம்மாவின் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள். எண்ணெய் தடவினோம், ஒத்தணம் கொடுத்தோம். கால் தன்பாட்டில் வீங்கியே இருந்தது. அந்த நேரம் பாண்டிருப்புப் பக்கம் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். அந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ராத்தாதான். நொண்டிகள் எல்லாம் நடக்கிறார்களாம், போய்க் காலைக் காட்டிவிட்டு வா என்று அம்மாவை நச்சரித்து, கடைச் சாமான் ஏற்றும் வானையும் அனுப்பிவைத்தார். அம்மாவைப் பிடித்துக்கொண்டு நான் போனேன்.

பிரசங்கம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: சுகம் வேண்டியவர்கள் வலப்பக்கம், இரட்சிப்பு வேண்டியவர்கள் இடப்பக்கம். மைதானம் முழுவதும் எழும்பி வலப்பக்கம் போனது. இருமல்காரர், பிள்ளையில்லாதவர்கள், கண் மங்கியவர்கள், அவர்களைக் கூட்டிவந்தவர்கள் என்று ஒரே இடிபாடு. இடப்பக்கத்தில் அம்மா மட்டும் நின்றார். அதிக நேரம் நிற்க முடியாததால் நான் ஒரு கதிரை தேடிக் கொண்டுவந்து போட்டேன். அவ்வளவு பெரிய வெளியில், இரட்சிப்பின் பக்கத்தில், என் அம்மா தனியாக ஒரு கதிரையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

தொண்டர் பொடியன் ஒருவன் வந்து காலைப் பார்த்தான். பாவம், மனிசி இடம் மாறி இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சுகத்துக்கு அந்தப் பக்கம் என்று பக்குவமாகச் சொன்னான். தனக்குத் தெரியும் என்றார் அம்மா. கடைசியில் போதகரே வந்தார். அத்தனை பேருக்கும் ஜெபித்து அவருடைய தொண்டை கட்டிப்போயிருந்தது. குனிந்து, பழக்கத்தில், வீங்கிய முழங்காலில் கையை வைத்தார். அம்மா அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்தார்.

"கால் கிடக்கட்டும் ஐயா. இதுக்குச் செபியுங்க."

அடுத்த நாள் காலையிலேயே ராத்தா கடப்படியில் வந்து நின்றார். அம்மா நொண்டிக்கொண்டே போய் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். ராத்தாவுக்கு வந்த கோபத்தில் முட்டே வந்துவிட்டது. காலுக்குத்தானே வான் தந்தேன், கிடைத்த இடத்தில் கேட்காமல் வந்த ஒரே ஆள் நீதான் என்று இழுப்புக்கு இடையில் ஏசினார். அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். கால் மண்ணுக்குப் போகிற சாமான், அதற்குப் போய் ஆண்டவரை மினக்கெடுத்தலாமா என்று கேட்டார்.

இப்படிப் பெரிதாகப் பேசிய அம்மாவை அந்தக் கால் விடவில்லை. எங்கள் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குவதென்றால் பீடத்துக்கு முன்னால் உள்ள மரக்கம்பியடியில் முழங்காலில் நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு அம்மா முழங்காலில் நின்றார், எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு நின்றபடியே வாங்கலாம் என்று எங்கள் கோயில் போதகர் அன்போடு சொன்னார். அம்மா ஒருமுறை அப்படி வாங்கினார். அடுத்த முறை உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பவே இல்லை. ஆண்டவருக்கு முன்னால் கம்பம் போல நின்று வாங்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து அழுதார். அம்மா தனக்காக அழுது நான் பார்த்தது அன்றுதான். வரும் நத்தாருக்காவது, ஆண்டவர் பிறந்த நாளிலாவது, முழங்காலில் நின்று வாங்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசையாக இருந்தது. அதை ஆண்டவரிடம் கேட்கவும் வழியில்லை. தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டார்.

எண்பதுகள் பிறந்து கொஞ்சக் காலத்தில், ராத்தாவும் அவருடைய வீட்டுக்காரரும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். மக்கத்துக்குப் போகிறவர்கள் போகுமுன் வீடு வீடாக வந்து, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பார்கள். மாப்புக் கொடுக்கிறவர்கள் அங்கே தங்களுக்காக ஒரு துஆ கேட்கச் சொல்லி அனுப்புவார்கள். ஒழுங்கையில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு மருமகனின் சவூதி வேலை, ஒருவருக்குக் காணி வழக்கு, ஒருவருக்குப் பேரப்பிள்ளை. கடைசியாக ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுது முடிந்ததும், அம்மா என்னைத் தேத்தண்ணி ஊற்ற அனுப்பினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ராத்தா, அங்க போனா என்ட முழங்காலுக்கும் ஒரு துஆ கேளுங்க."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பின்னேரம் அப்பா இதைச் சாடையாகக் கிண்டியபோது, கேட்கப்போவது தானில்லையே, ராத்தாதானே என்று அம்மா நேர்மையான முகத்தோடு சொன்னார்.

ராத்தா போன நாள் தொட்டு அம்மா தினமும் காலையில் எழும்பியதும் காலை மடக்கிப் பார்ப்பார். மக்கத்தில் இப்போது என்ன நேரம் இருக்கும் என்று அப்பாவைக் கேட்பார். கால் மடங்கவில்லை. இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லைப் போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

ராத்தா திரும்பி வந்த அன்று வீடு கொள்ளாத சனம். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கை மாறிக்கொண்டிருந்தன. அம்மா கூட்டம் கலையும் வரை மூலையில் இருந்துவிட்டு, பிறகு காலைப் பற்றிக் கேட்டார். ராத்தா முதலில் மக்கத்துக் கதையைத் தொடங்கினார். அறபா வெளியில், கொளுத்தும் வெயிலில், எல்லாரும் கையேந்தி அழுதுகொண்டு நின்ற இடத்தைப் பற்றிச் சொன்னார். மருமகனின் வேலையும் காணி வழக்கும் பேரப்பிள்ளையும் ஒன்றுவிடாமல் கேட்டாராம். பிறகு அம்மாவின் முகம் வந்ததாம்.

"அந்த எடத்தில நிண்டு உனக்கு ஒரு முழங்காலக் கேக்க எனக்கு மனம் வரல்ல புள்ள. கால் மண்ணுக்குப் போற சாமான். உன்ன ஈமானோட எடுத்து, சொர்க்கத்தில எனக்குப் பக்கத்தில வைக்கச் செல்லிக் கேட்டன்."

ஈமான் என்றால் அவர்களுடைய மார்க்கத்தின் விசுவாசம். அம்மாவின் முகம் சிவந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். தம்பி சைக்கிள் கேட்ட அன்று வந்த அதே முகம்.

"நான் காலைத்தானே ராத்தா கேக்கச் சொன்ன. மற்றத ஆர் கேக்கச் சொன்ன?"

"நீ மட்டும் என்னவாம்? வேலிக்கு இங்கால உன்ட சத்தம் கேக்காதெண்டா நினைச்ச? எத்தின வருசமா எனக்காக அழுகிற. ஒருநாளாவது என்ட முட்டுக்குக் கேட்டியா?"

என் கையிலிருந்த பேரீச்சம்பழம் வாய்க்குப் போகவில்லை. குரலைக் குறைக்கச் சொன்ன அப்பா எவ்வளவு சரி. இத்தனை வருஷமும் அந்தக் கிடுகு வேலி எதையும் மறைக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தும் ஏன் தன்னோடு கோபிக்கவில்லை என்று கேட்டார்.

"நீ கேக்கிறது நடக்காதெண்டு எனக்குத் தெரியும்," என்றார் ராத்தா. "ஆனா எனக்காக இந்தளவு அழ வேற ஆர் இரிக்காங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் கேட்டதும் நடக்காது ராத்தா என்றார். சொல்லும்போதே அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து ராத்தாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அம்மாதான் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று பின்னேரமும் ஜெபம் நடந்தது. அம்மா வழக்கமான வேண்டுதல்களைச் சொல்லி, கடைசியில் பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் வந்தார். இரட்சிப்பைக் கேட்டார். ஒரு சொல் குறைக்கவில்லை, குரலையும் குறைக்கவில்லை. பிறகு நிறுத்தினார். வேலிக்கு அப்பால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவவின்ட முட்டையும் சுகமாக்கும் ஆண்டவரே," என்றார்.

தம்பி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வேலிக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"புள்ள, உன்ட முழங்காலையும் சேத்துக் கேளு. நான் விட்டுட்டு வந்திட்டன்."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. வீங்கிய காலில் கையை வைத்தார். பிறகு மிக மெதுவாக, நாங்கள் ஒருநாளும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், என்ட முழங்காலையும் என்றார்.

கால் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ராத்தாவின் முட்டும் போகவில்லை. ஆனால் நத்தார் அன்று அம்மா வாங்கிலிருந்து எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு கம்பியடிக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார், வாங்கினார். தூக்கிவிட ஆட்கள் வந்தபோது இந்த முறை வெட்கப்படவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வரும்போது ராத்தா கடப்படியில் நின்றார். கால் மடங்கினதா என்று கேட்டார். மடங்கியது என்றார் அம்மா. எழும்பினாயா என்று கேட்டார். எழுப்பிவிட்டார்கள் என்றார் அம்மா. ராத்தா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப பாதி கிடைச்சிட்டு. மிச்சத்த அங்க போய்ப் பாத்துக்குவம்."

அம்மா ஓம் என்று சொல்லிவிட்டு, நத்தார்க் கேக் தட்டை அவர் கையில் கொடுத்தார்.