கடற்கரை ஒழுங்கைக்கு ஒரு யானை

மதிப்பீட்டின் கடைசி வரிக்கு வந்ததும் ஜவுபர் கண்ணாடியைக் கழற்றுவார். சேர்ட்டின் நுனியை வெளியே இழுத்து, முதலில் இடது வில்லை, பிறகு வலது வில்லை என்று வட்டம் வட்டமாகத் துடைப்பார். துடைத்ததை உடனே மாட்டிக்கொள்ள மாட்டார். மேசையில் மல்லாத்தி வைத்துவிட்டு, வெறுங்கண்ணுக்குப் புகைபோலத் தெரியும் கொம்பியூட்டர் திரையில் 'இதர' என்று அடித்து, பக்கத்தில் ஒரு தொகையைப் போடுவார். அதற்குப் பிறகுதான் கண்ணாடி மூக்குக்கு ஏறும். அந்தத் தொகையைத் தெளிவாகப் பார்க்கவில்லை என்று நாளைக்கு யாரிடமாவது சத்தியம் பண்ண வேண்டி வந்தால் உதவும் என்று நினைத்தாரோ என்னவோ.

வீதி வேலைகளுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கல்முனைக் கிளையில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எவ்வளவு கிறவல் மண் போகும், எவ்வளவு தார் போகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. 'இதர' வரியில் களவு ஒன்றும் இல்லை. கொழும்பிலிருந்து வரும் வரைபடத்தில் வீதியோரமாக வடிகான் நேர்கோடாய் ஓடும். ஒரு வீட்டுக்கும் வாசல் இருக்காது. வடிகானை வெட்டிய பிறகுதான் வாசல்கள் முளைக்கும். பெண்கள் வாசல் கடப்படியில் வந்து நின்று, "அப்ப நாங்க பறந்தா போற?" என்று கேட்பார்கள். வாசலுக்கு வாசல் வடிகானுக்கு மேலால் கொங்கிறீட் பலகையாகச் சிலப் போட அப்போது அந்த 'இதர' கைகொடுக்கும். சம்மாந்துறையிலும் சவளக்கடையிலும் பாலமுனையிலும் எத்தனையோ பேர், கால் நனையாமல் வீட்டுக்குள் போவது ஜவுபரின் மங்கல் பார்வையால்தான்.

இப்படியிருக்க, மதிப்பீட்டு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. அதை ஏற்றிவிட்டவன் அலுவலகத்தின் இளம் பொறியியலாளன் சுலக்சன்.

"நானா, இனி இதர இல்ல."

"இல்லையெண்டா?"

"எடுத்துட்டாங்க. வரைபடத்தில இல்லாத ஒரு சதத்தையும் காரணமில்லாம ஏத்த ஏலா. காரணத்தையும் நாம எழுத ஏலா. அது தாற பட்டியல்ல ஒண்டத் தொடணும்."

"முன்னேற்றம் எண்டு சொன்னியேடாப்பா?"

"முன்னேற்றந்தான். நமக்கெண்டு சொல்லல்லியே."

புதிய பதிப்பில் ஜவுபரின் கைக்கு வந்த முதல் வேலை, சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து. அது அவருடைய ஒழுங்கை. சரியாகச் சொன்னால் அவருடைய மனைவி மர்ஷூதாவின் ஒழுங்கை. ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. ஆண், மாப்பிள்ளையாக வந்து குடியேறுகிறவர். அந்த ஒழுங்கை முழுக்க மர்ஷூதாவின் உம்மா, சாச்சிமார், தங்கச்சிமாரின் வீடுகள். கலியாணம் முடித்து இருபது வருசமாகியும் ஜவுபர் அங்கே மாப்பிள்ளைதான். மீன் தலை அவருக்கு, அபிப்பிராயம் மற்றவர்களுக்கு.

மர்ஷூதா அதற்குள் எல்லா வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். "ஒவ்வொரு கடப்படிக்கும் சிலப் வரும். அவர்ர கையாலதானே எஸ்டிமேட்." போன மாரிக்குத் தண்ணீர் ஓட வெட்டிய மண் வாய்க்கால் அப்படியே கிடந்தது. எல்லோரும் தென்னங்குற்றி போட்டுத்தான் தாண்டினார்கள். ஊரெல்லாம் சிலப் போட்ட மனிதன் சொந்த மாமியின் வாசலுக்குப் போடாவிட்டால், பிறகு அந்த ஒழுங்கையில் எந்த முகத்தோடு நடப்பது?

ஜவுபர் பட்டியலைத் திறந்தார். வெடிபொருள் அகற்றல்: இராணுவத்தின் கடிதம் இணைக்கவும். தொல்பொருள்: திணைக்களத்தின் கடிதம். மையவாடி அடக்கத்தலம்: பள்ளிவாசலின் கடிதம். குடிநீர்க் குழாய்: அதற்கும் கடிதம். கடைசியில் ஒன்று கடிதம் கேட்காமல் சாதுவாக நின்றது. வனவிலங்கு நடமாட்டம்: யானை.

யானையிடம் யார் போய்க் கடிதம் வாங்குவது?

ஜவுபர் கண்ணாடியைக் கழற்றினார். இடது வில்லையைத் துடைத்தார். வலது வில்லையைத் துடைத்தார். யானையைத் தொட்டு, பக்கத்தில் எட்டு வாசலுக்கும் சிலப்பின் அளவைப் போட்டார்.

இரண்டு நாளில் திரையில் சிவப்பில் பதில் வந்தது. யானை நடமாட்டத்தை நேரில் பார்க்கப் பரிசோதகர் வருகிறார், வியாழக்கிழமை.

சுலக்சன் கதிரையிலிருந்து விழாத குறை. "நானா, யானை கடலாலயா வந்த?"

"சிரிக்காத மனே. சம்மாந்துறைப் பக்கம் வயலுக்கு வாறதுதானே. அதில ஒண்டு கொஞ்சம் கிழக்கால நடந்தா..."

"கிழக்கால நடந்தா மெயின் றோட்டு, கடைத்தெரு, பள்ளி எல்லாம் தாண்டி வரணும். வாற வழியில ஒரு பிளேன்ரீயும் குடிச்சிருக்கும்." பிறகு அவனே இரங்கினான். "இப்பவே அழிச்சிடுவமா? அழிச்சா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"சிலப்?"

"சிலப்பும் போகும்."

ஜவுபர் திரையை மூடினார். "கிடக்கட்டும்" என்றார்.

பகல் சோறு தின்னும்போது அதை மர்ஷூதாவிடம் சொன்னதுதான் பிழை. அசறுத் தொழுகைக்கு முதலே ஒழுங்கை முழுக்க யானை நடந்து முடிந்துவிட்டது. மதிலுக்கு மேலால் மாமியின் தலை தெரிந்தது.

"மருமகன், வாழக்குலைய வெட்டி உள்ளுக்கு எடுக்கவா, இல்ல அதுக்கெண்டு விடவா?"

வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். றஸாக் என்று பெயர், பளபளக்கும் சப்பாத்து, சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டு வந்த முகம். ஒழுங்கையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்தார். அந்தத் தலையில் கடல். கரையில் தோணிகள், காயும் வலைகள், ஓர் ஆடு.

"யானை எந்தப் பக்கத்தால வரும்?"

ஜவுபர் பொதுவாகக் கையைக் காட்டினார். அந்தத் திசையில் ஆடு நின்றது.

மாமி வாசலுக்கே வந்துவிட்டார். "வெயிலுக்க நிக்காதீங்க சேர். வாங்க, ஒரு ரீ குடிச்சிட்டுப் போங்க. யானையெல்லாம் அசறுக்குப் பொறகுதான் வரும்."

மறுக்க முடியாத குரல் அது. றஸாக் தென்னங்குற்றியில் கால் வைத்தார். அந்தக் குற்றியில் நடக்கத் தெரிந்தவர்கள் அந்த ஒழுங்கைக்காரர்கள் மட்டும்தான். அதற்கு அவரைத் தெரியாது. அது உருண்டது. ஜவுபர் முழங்கையைப் பிடிக்க முதல், ஒரு சப்பாத்து வாய்க்காலுக்குள் போய் நின்றது.

ஜவுபரின் கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"சேர், யானை இல்ல" என்றார். "இதுதான் சேர் விசயம். இந்த எட்டு வாசலும் வரைபடத்தில இல்ல. முந்தி இதர எண்டு போடுவன். இப்ப அதுவும் இல்ல."

"அதுக்காக யானையா? உள்ளதை எழுதியிருக்கலாமே?"

"எங்க எழுதுற எண்டு காட்டுங்க சேர். எழுதுறன்."

றஸாக் முன்மண்டபத்தில், ஒரு கால் வெறுங்காலாக உட்கார்ந்து, கைபேசியில் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை தள்ளினார். பிறகு கீழிருந்து மேல். மாமி வெளியே குழாயடியில் சப்பாத்தைக் கழுவும் சத்தம் கேட்டது. ரீ முடிந்தது. "போய்ப் பாக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரச் சப்பாத்து நசுக் நசுக்கென்று ஒலிக்கப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஜவுபர் ஒழுங்கையில் தலை குனிந்து நடந்தார். "மச்சான், யானைக்குச் சொகமா?" என்று மச்சினிமார் கேட்டார்கள். "சொகந்தான், உங்களத்தான் விசாரிச்ச" என்று சொல்லும் துணிவு அவருக்கு வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. வடிகான் வந்தது. லொறியில் சிலப்பும் வந்தது.

ஆனால் என்ன சிலப்! ஆறு பேர் தூக்கியும் அசைய மறுத்தது. "இதுக்கு மேலால ரயிலா விடப்போறீங்க?" என்று வேலையாட்கள் ஏசினார்கள். சாதாரண அளவுதான் போட்டேன் என்று ஜவுபர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மாமிக்கோ வாயெல்லாம் பல்லு. போவோர் வருவோரை நிறுத்தி, "மிதிச்சுப் பாருங்க கா, எங்கட மருமகன் போட்ட" என்றார். அந்த மாதம் மீன் தலையோடு சேர்த்து அபிப்பிராயமும் கொஞ்சம் அவரிடம் கேட்கப்பட்டது.

சிலப் ஏன் அவ்வளவு தடித்தது என்பது கனகாலத்துக்குப் பிறகு, அனுமதி கிடைத்த பிரதியைச் சுலக்சன் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. றஸாக்குக்கும் அந்தப் பட்டியலில் வேறு காரணம் அகப்படவில்லை. யானையை அப்படியே விட்டிருந்தார். யானை என்று கண்டதும் மென்பொருள் தன்பாட்டிலேயே அதன் பாரத்துக்குச் சிலப்பின் தடிப்பைக் கூட்டியிருந்தது. அதற்குக் கீழே பரிசோதகர் நிரப்ப வேண்டிய பெட்டி ஒன்று இருந்தது. சைபர் போட்டால் அது ஏற்காது. நேரில் காணப்பட்ட யானைகள் என்ற அந்த இடத்தில் றஸாக், 'ஒன்று' என்று போட்டிருந்தார்.