ஈஸி குழி

அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவினால் சுரீரென்று ஓர் எரிச்சல் ஏறும். ஏலமலை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலக்காய் மணமல்ல, அந்த எரிச்சல்தான். ஐம்பதுகளில், போடிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், துரைமார் கோல்ஃப் ஆடுவதற்கென்று ஒன்பது குழி வெட்டி, குழிக்கொரு கொடி நட்டிருந்தார்கள். சிலமலையிலிருந்து மலையேறி, "லயம்" என்ற வரிசை வீட்டில் குடியிருந்த என் அம்மாவும் சித்தியும் அங்கே புல் வெட்டினார்கள். வருஷத்துக்கொருமுறை வரும் பெரிய போட்டிக்கு முன்னால் ஆளுக்கொரு குழி பிரித்துக் கொடுப்பார்கள். அதைச் சுற்றியுள்ள புல்லை நாளெல்லாம் "குத்தவச்சு" உட்கார்ந்து கத்தரியால் ஒட்ட வெட்ட வேண்டும்.

அந்த வருஷம் சித்திக்கு ஏழு மாசம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதால் அவளும் வந்து நின்றாள். துரை பார்த்தார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. "நீ நாலாம் குழி போ. ஈஸி குழி" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில்.

ஆடுகிறவர்களுக்கு அது ஈஸிதான்; கிட்டத்தில், சமதளத்தில் இருந்தது. வெட்டுகிறவர்களுக்கோ ஓடைக்கரைச் சகதி, உட்கார்ந்து எழுந்தால் காலெல்லாம் அட்டை. துரைமாரின் பந்துகளைப் பக்கத்துப் பள்ளத்தில் உருட்டிவிடும், ஆடக் கஷ்டமான ஒன்பதாம் குழிதான் எங்களவர்களுக்குச் சொர்க்கம். கிளப்புக்குப் பின்னால், வெயில் விழும் பாறை மேட்டில் இருந்ததால் அங்கே புல்லும் குறைவு, அட்டையும் ஏறாது. ஆனால் துரை சொன்னதைத் தப்பென்று சொல்ல அந்த மலையில் யாருக்கும் வாய் வராது.

"சாரமில்லக்கா" என்றாள் சித்தி, மலையில் ஒட்டிக்கொண்ட மலையாளத்தில். பரவாயில்லையாம்! அம்மாவுக்கு வந்ததே கோபம். "வாய மூடுடி. ரெண்டப் பறிகுடுத்தது போதாதா?" என்று அதட்டிவிட்டு, துரை முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"தொரை, ஈஸி குழிய எனக்குக் குடுங்க. எந் தங்கச்சி ஒம்பதுக்குப் போகட்டும்."

சித்தியும் தலையாட்டவே அப்படியே ஆயிற்று. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியிடம் சுகமான இடத்தைப் பிடுங்கிக்கொண்ட பாவியைப் பார்ப்பதுபோல் துரை அம்மாவைப் பார்த்தார். "நீ மோசம்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எட்டு வயது. அவர் காலில் கல்லை விட்டெறிய வேண்டும்போல் இருந்தது.

பதினோரு நாள் அம்மா அந்தச் சகதியில் கிடந்தாள். சாயங்காலம் அவள் காலுக்குச் சுண்ணாம்பு போடுவது என் சோலி. போட்டியன்று துரை சித்தியைக் கூப்பிட்டு, கஷ்டமான குழியை அழகாக வெட்டியதற்கு ஒரு கம்பளி கொடுத்தார். பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சித்திக்குப் பெண் பிறந்தது, தங்கியது.

இன்று அங்கே கொடியும் இல்லை, லயமும் இல்லை. ஒன்பது குழியையும் ஏலச்செடி மூடிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். "சித்தி மககிட்டச் சொல்லிறாத, மனசு சங்கடப்படும்" என்று அவள் கேட்டுக்கொண்டதால் நானும் வாய் திறந்ததில்லை, சித்தியும் சொன்னதில்லை. சித்தி மகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தன் பெரியம்மா கொஞ்சம் சுகவாசி என்று துரை பேச்சைக் கேட்ட கிளப் ஆட்கள் சொன்னதைத்தான் கேட்டு வளர்ந்தவள். இதைப் படித்துத்தான் அவளுக்கு விஷயம் தெரியப்போகிறது.