கமிட்டி முன் நான் சொல்லாத ‘ஆமா’

நான் பொய் சொன்னேன்.

சட்டம் செய்வதற்காக ஊர் ஊராய்ச் சாட்சி கேட்டுக்கொண்டு வந்த கமிட்டியின் முன்னால், ஒரு ஹால் நிறைய ஜனங்கள் பார்த்திருக்க, கூசாமல் பொய் சொன்னேன். அதனால் ஒருத்தி வீடு இழந்தாள். அவள் என் புருஷனுக்கு மூத்த சம்சாரம். நான் இளையவள்.

எனக்கு அஞ்சாம் கிளாஸ் படிப்புதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், “அதுவா? வாயில்லாப் பூச்சியாச்சே!” என்று. நிஜம்தான். கடைக்காரனிடம் உப்பு கேட்கக்கூட எனக்குக் குரல் எழும்பாது. ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அப்படிப்பட்டவள் அன்று ஒரு நாள் மட்டும் கணீரென்று பேசினேன்... அதுதான் என் பாவம்.

என் பிறந்த ஊர் சிதம்பரம். அப்பா கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுப்பவர். பெண்கள் அதிகம், வரும்படி குறைச்சல். கடலூரில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவருக்கு மூத்த தாரத்திடம் குழந்தையில்லை என்றார்கள். யோசிக்காமல் என்னைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் கல்யாணம் என்றால், மூத்தவள் தன் கையால் தாலித் தட்டைக் கொண்டுவந்து மணவறையில் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம். பார்த்த சனம் அதற்குச் சாட்சி.

தையல்நாயகி அக்கா கொண்டுவந்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தட்டு என் கண்ணுக்கு நேரே வந்தது. தட்டைப் பிடித்த கை வந்தது... மணிக்கட்டில் கண்ணாடி வளையல் நொறுங்கிப் பதிந்திருந்தது. ரத்தம் வழிந்து, தேங்காயில் பூசிய மஞ்சளோடு கலந்திருந்தது.

கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கூச்சத்தில் குனிந்த தலை நிமிராமல் இருந்ததால் பார்த்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், அந்தத் தட்டு எப்படி வந்ததென்று. தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன்.

பிறகு அக்காவே சொன்னாள். மாமியாரும் நாத்தனாரும் உள்ளறையில் போட்டுப் பூட்டி, கையை முறுக்கி, “எடுத்துட்டுப் போறியா, இல்ல இப்படியே கெணத்துல தள்ளவா” என்று கேட்டார்களாம். என்னிடம் அவள் கோபப்பட்டதே இல்லை. “நீ என்னாடி பண்ணுவ, உன்னையும்தான் புடிச்சுத் தள்ளுனாங்க” என்பாள். எனக்குத் தலை வாரிவிட்டது அவள். மசக்கையில் சோறு இறங்காதபோது புளிச்சக்கீரை கடைந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியது அவள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிகிற சமயம். கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் வந்தார், ஒரு வக்கீலின் மனைவி. பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக் கூடாது என்று ஒரு மசோதா தயாராகிறது, அதற்கு நாலு பக்கத்திலிருந்தும் சாட்சி கேட்கக் கமிட்டி வருகிறது என்றார். பெரிய மனிதர்கள் சிலர், ‘மூத்தவள் சம்மதித்தால் கட்டலாம்’ என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்களாம். சம்மதம் எப்படி வாங்குகிறார்கள் என்று யாராவது வந்து சொன்னால்தான் கமிட்டிக்குப் புரியும் என்றார்.

அக்கா உடனே, “நான் வர்றேன்” என்றாள்.

அந்த அம்மாள் ஒரு தமிழ் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சமையல்கட்டில் நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். எனக்குப் புரியாத வார்த்தைகள் நிறைய. புரியாததைப் புரியாமலே வாசித்தேன்.

“நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம்” என்றாள் அக்கா. “எல்லாம் நான் சொல்லிக்கிறேன். உன்னக் கூப்புட்டு நெசமான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்.”

“எனக்குக் கை காலெல்லாம் நடுங்குமே அக்கா.”

“கமிட்டின்னா இன்னா பெரிய இது? பொண்ணு பாக்க வர்றவனுங்க மாதிரி வரிசையா உக்காந்திருப்பானுங்க. நம்மள எத்தினி பேரு பாத்துட்டுப் போயிருக்கானுங்க! இந்தத் தடவ நாம போயி அவனுங்களப் பாத்துட்டு வருவோம். புடிக்கலன்னா ஊருக்குப் போயி சேதி அனுப்புறோம்னு சொல்லிடலாம், வா!”

சிரித்தேன். சிரித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். தழும்பு இருந்த கைதான் அது... ஆமா சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

கமிட்டிக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அக்கா கொல்லையில் இருந்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“நாளைக்கு நீயும் போறியாமே.”

நான் கூட்டை எடுத்து இலையில் வைத்தேன்.

“போ. நான் தடுக்கல. ஆனா வக்கீல் சொன்னாரு, அந்தச் சட்டம் வந்துச்சுன்னா ரெண்டாங் கல்யாணமெல்லாம் செல்லாமப் போயிடுமாம். மூத்தவ பொண்டாட்டியா இருப்பா. நீ யாரு? வயித்துல இருக்குறதுக்கு அப்பன் பேரு இன்னா? யோசிச்சுக்க, புள்ள. ரசம் ஊத்து.”

ஊற்றினேன். இலைக்கு வெளியே ஊற்றினேன்.

அன்றைக்கு நான் அக்காவிடம் போய்க் கேட்டிருக்கலாம் அல்லவா? “அக்கா, இந்த மாதிரி சொல்றாரே” என்று ஒரு வாய் கேட்டிருந்தால், அவள் அந்தச் சங்கத்து அம்மாளை விசாரித்திருப்பாளே! ஏன் கேட்கவில்லை? கூச்சமா? பயமா? இல்லை... கேட்டால் என் பயம் பொய்யென்று தெரிந்துவிடுமோ, அப்புறம் உண்மை பேச வேண்டி வருமோ என்றா?

மறுநாள் ஜட்கா வண்டியில் மஞ்சக்குப்பம் போனோம். பெரிய ஹால். உயரத்தில் மின்விசிறி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும் இருந்தார். ஓரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் இங்கிலீஷில் கேட்பார், அந்த அம்மாள் தமிழில் சொல்வார். பின் வரிசையில் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார், மண்டிக்காரர்கள் நாலைந்து பேரோடு.

அக்கா நடுவில் போய் நின்றாள். அந்த மாதிரி ஒருத்தி பேசி நான் பார்த்ததில்லை. அழவில்லை, கத்தவில்லை. வளையல் உடைந்த கதையைச் சொன்னாள். முந்தானையை விலக்கிக் கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள்.

“சம்மதம்னு ஒரு வார்த்தய அதுல போட்டுடாதீங்க, சாமி. போட்டீங்கன்னா வீட்டுக்கு வீடு கைய முறுக்கி வாங்கிடுவாங்க. நான் குடுத்த தட்டும் சம்மதம்தான். ஊரே பாத்துச்சு!”

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. “மலடியோட வயித்தெரிச்சலுங்க! கூட வந்திருக்குற இளையவளக் கேளுங்க!”

என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி போட்ட அம்மாள் மெதுவாகக் கேட்டார். “பயப்படாதேம்மா. இவங்க சொல்றது நெசந்தானா?”

ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! அக்கா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், சொல்லு என்பது போல. வயிற்றில் குழந்தை புரண்டது. பின்னால் அவர் இருமினார்.

“இல்லீங்க” என்றேன்.

அத்தோடு நிறுத்தினேனா? அதுதான் இல்லை! பேச்சு வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்காதான் பொண்ணு பார்க்கவே வந்தாங்க என்றேன். அவங்க கையாலதான் எனக்குக் கூறைப்புடவை கட்டிவிட்டாங்க என்றேன். தாலித் தட்டைச் சிரிச்ச முகமா கொண்டாந்தாங்க, நாங்க கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கோம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றேன்.

“அந்தத் தழும்பு?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“அது அருவாமணையில கிழிச்சுக்கிட்டதுங்க. கீரை அரியறப்ப.”

புளிச்சக்கீரை என்றுகூட வாய்வரை வந்தது. கடவுளே!

அக்கா நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கினாள். முந்தானையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். சுருக்கெழுத்துக்காரர் எழுதி முடித்துத் தாளைத் திருப்பினார். தலைவர் இங்கிலீஷில் என்னவோ சொல்ல, பின் வரிசையில் சிரித்தார்கள். அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜட்காவில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். வண்டி குலுங்கியபோது, என் வயிறு இடிபடாமல் இருக்க அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். பழக்கத்தில் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. உடனே எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்கு முன்னமே அவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவை வாசற்படி ஏறவிடவில்லை. “சபையில வெச்சு மானத்த வாங்குனவளுக்கு இங்க இன்னா வேல?” அவள் புடவைகளை மாமியார் தெருவில் எறிந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. சங்கத்து அம்மாள் வந்து கேட்டதற்கு, “உங்க சாட்சியே பொய்னு கமிட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க நடங்க” என்றார்கள்.

நானா? நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மறுபடியும் எனக்குப் பேச்சு வரவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அது தவழும் சமயம் மார்கழித் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதிக் கூட்டத்தில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா எதிரே வந்தாள். ஏதோ சத்திரத்தில் சமைக்கிறாளாம். கறுத்து, ஒடுங்கிப்போயிருந்தாள். நான் நின்றுவிட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவள் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பேச வராது, பேச வராதுன்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு எவ்ளோ நல்லா பேசுன! எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு போ.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குடத்தை மாற்றி இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் செத்துப்போனதுகூடக் கருமாதிக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

சில வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. அந்தச் ‘சம்மதம்’ என்ற வரி அதில் இல்லையாம். வேறு எந்த ஊரிலோ, எவளோ ஒருத்தி உண்மையைச் சொல்லியிருப்பாள். வாய் நடுங்கிக்கொண்டே சொல்லியிருப்பாள். அவளுக்குத் துணையாக வந்தவள் ஆமா சொல்லியிருப்பாள்.

என் கல்யாணம் செல்லாமல் போகவில்லை. சட்டம் வந்ததற்கு அப்புறம் கட்டுபவர்களுக்குத்தான் அது பொருந்துமாம். முன்னால் நடந்ததைத் தொடாதாம். என் பெண்ணுக்கு அப்பன் பேர் என்றைக்கும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தமிழ் நோட்டீஸில் இதுவும் இருந்தது. ‘அமுலுக்கு வந்த பிற்பாடு’ என்று நான்தான் சமையல்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்கு எழுத்துக் கூட்டி வாசித்தேன். எனக்கு அது புரியவில்லையா? இல்லை, அவருக்கு ரசம் ஊற்றும்போது நினைவுக்கு வந்தும் தள்ளிவிட்டேனா? எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டுவிட்டேன். சில நாள் புரியவில்லை என்று தோன்றுகிறது. சில நாள்... தோன்றவில்லை.

இப்போது வீட்டில் யாருமில்லாதபோது சமையல்கட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். “ஆமாங்க. அக்கா சொன்னது அத்தனையும் நெசந்தாங்க.” குரல் நன்றாகத்தான் எழும்புகிறது.

கேட்க வந்தவர்கள் மேசையை விட்டு எழுந்து போய் எத்தனையோ காலமாயிற்று. கையை நீட்டிக்கொண்டு அவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.