முதலாளி தாளம் போடட்டும்

செவிலிமேட்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் சாயக்காரர் மாசிலாமணி, நேராகக் கடைக்குள் வந்து, "சபாபதி, கன்னியப்பன் போயிட்டாருப்பா. ராத்திரி சாப்ட்டுட்டுப் படுத்தவரு, எய்ந்திரிக்கவே இல்ல" என்றார். என் கையில் பாதி மடித்த புடவை இருந்தது. முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அது இன்னும் தணியவில்லை. ஆகவே அவரை அறிந்தவர்கள் இந்த அஞ்சலியைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் தவில்காரராகத் தெரியும். திருவிழா இல்லாத நாட்களில் அவர்தான் எங்கள் பட்டுக்கடை மேனேஜர். சரிகையை உரசிப் பார்த்து வாங்குவதும், எந்தத் தறியில் என்ன ஏற்றுவது என்று தீர்மானிப்பதும் அவர் வேலை. சரக்கு பார்க்கும் நான் அவருக்குப் பக்கத்து மேசை. பேசும்போதும் விரல்கள் மேசை விளிம்பில் ஏதோ வாசித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது பெரிய தொல்லை.

ஆயுத பூஜைக்குக் கடையில் கச்சேரி வைப்பது பெரிய முதலாளியின் வழக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் தனி ஆவர்த்தனம் விட்டார். அவர்கள் இருவரும் வெளுத்து வாங்க, பாடகர் தொடையில் தாளம் போட்டபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பெரிய முதலாளிக்குச் சங்கீதம் தெரியாது, வியாபாரம் தெரியும்.

"பெரிய வித்வான் இவருதான? இன்னாத்துக்குச் சும்மா குந்திக்கினு இருக்காரு?" என்று கன்னியப்பனைக் கேட்டார்.

"சும்மா இல்ல மொதலாளி. அதான் பெரிய வேல. இவரு தாளத்த வுட்டா அவங்க ரெண்டு பேரும் காலி. அவங்க வாசிக்கிறப்ப இவரு வாயத் தொறந்தா கச்சேரியே காலி. கடையும் அப்படித்தான்."

பெரிய முதலாளி சிரித்தார். ஆனால் மறந்துவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை மதியம் எல்லோரையும் உட்கார வைத்து, நெசவாளர் ஒருவரைப் பேசச் சொன்னார். அதற்கடுத்த வாரம் சாயக்காரர், பிறகு கவுண்ட்டரில் நிற்பவர். ஒருவர் பேசினால் அவர் முடிக்கும் வரை முதலாளி வாயைத் திறக்கக் கூடாது. நாங்கள் அதற்குத் 'தனி' என்றே பெயர் வைத்தோம். வாய் துறுதுறுத்தால் பெரிய முதலாளி தொடையில் தட்டிக்கொள்வார். அந்தத் தாளம் எந்தக் கணக்கிலும் அடங்காது. கன்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழையில் தெருவில் நூலை நீளமாக விரித்துப் பாவு போட முடியவில்லை, அந்த மாதம் கெடு வைக்காதீர்கள் என்று நெசவாளர்கள் சொன்னது அங்கேதான். தீபாவளிச் சரக்கை ஆடியிலேயே தறியில் ஏற்றும் வழக்கம் எங்கள் கடைக்கு அப்படித்தான் வந்தது.

பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாங்களும் குறைக்கப் பறப்போம். அப்போது கன்னியப்பன் ஒரு கதை சொல்வார். ஒரு திருவிழாவில் இரண்டு கோயில் சாமிகள் அடுத்தடுத்த தெருவில் ஒரே நேரத்தில் புறப்பட்டுவிட்டன. மூலை திரும்பும்போது அந்தத் தெரு மேளம் காதில் விழ, இவருடைய பல்லக்குத் தூக்கிகளில் பாதிப் பேர் அந்த மேளத்துக்குக் கால் வைத்துவிட்டார்கள். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து குடை சரிந்தது.

"நீங்க இன்னா பண்ணீங்க? பலமா அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பலமா அடிச்சா அவனும் பலமா அடிப்பான். வேலைப்பாட்டையெல்லாம் வுட்டுட்டேன்பா. காலுக்குப் புரியற ஒரே நடை. அதையே வாசிச்சேன். கால் தானா திரும்பி வந்துட்ச்சு."

இதைவிடப் பெரிய வியாபாரப் பாடத்தை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மெட்ராஸில் நிர்வாகப் பயிற்சி முடித்து வந்த சின்ன முதலாளி படித்த புத்தகத்தில் நிச்சயமாக இல்லை.

பெரிய முதலாளி படுத்த படுக்கையானதும் மகன் கடைக்கு வந்தார். எதிர்க்கடையில் மட்டச் சரிகைப் புடவை பறக்கிறது, நாமும் அதையே போடுவோம் என்றார். வந்த சனிக்கிழமை கன்னியப்பன் எழுந்து, "வேணாம் சின்ன மொதலாளி. அது அவன் மேளம். நம்ம பல்லக்கு சாஞ்சிரும்" என்றார். பேச்சை முடிக்க விடவில்லை அந்த மனிதர். "மேளம் அடிக்கிறதெல்லாம் கோயில்ல வச்சுக்குங்க. இது பிஸினஸ்" என்றார். அன்றோடு தனியும் ஒழிந்தது. மட்டச் சரிகையைச் சின்ன முதலாளியே வாங்கி, நல்ல சரிகை விலைக்கு விற்றார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கல்யாணங்களில் கட்டிய புடவைகள் அடுத்த வருடமே கறுத்துத் திரும்பி வந்தன. பெண்ணைப் பெற்றவர்கள் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். சின்ன முதலாளி அவர்களிடம் கூசாமல் சொன்னார்: "சரிகை பார்த்து வாங்கினது கன்னியப்பன். அவரை நிறுத்திட்டோம்." அன்று மாலையே அவருக்கு வேலை இல்லை. ஊர் அதை நம்பியது. கோயில் வாசலில் அவர் தவிலோடு நிற்கும்போது, "சரிகைக்காரர் வர்றாரு" என்று கேலி பேசியதை என் காதால் கேட்டேன்.

"ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க?" என்று அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"சொன்னா கடை பேரு போயிரும். கடைய நம்பி எத்தினி தறி இருக்குது? அந்தப் புள்ள தாளத்த வுட்டுட்டான். நானும் வுட்டா நெய்யிறவன் இன்னாப்பா பண்ணுவான்?"

அந்தப் பெருந்தன்மையின் மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம். திருடாதவர் தலையைக் குனிந்து நடக்க, திருடியவர் கார் வாங்கினார்.

போன வாரச் சனிக்கிழமை, நெசவாளர்கள் கேட்டதற்காகக் கடையில் இரங்கல் கூட்டம். பெரிய முதலாளியை நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்கள். சின்ன முதலாளி மாலை போட்டுவிட்டுப் பேசினார்: "கன்னியப்பன்கிட்ட நான் கத்துக்கிட்டது ஒண்ணு. கம்பெனிங்கிறது கச்சேரி மாதிரி. லீடர் ஒருத்தர்தான். மத்தவங்க அவர் பின்னாடி போகணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், வேலை போனால் நடுத்தெருதான். எல்லாம் நினைவுக்கு வந்தது, ஆனாலும் எழுந்துவிட்டேன். "இன்னைக்குச் சனிக்கிழமை. இது என் தனி" என்று ஆரம்பித்தேன். சரிகை வாங்கியது யார், பழி சுமந்தது யார் என்று நெசவாளர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சின்ன முதலாளி, "உக்காருய்யா!" என்று கத்திக்கொண்டு எழுந்தார்.

அப்போது தட், தட் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய முதலாளி தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பேச்சு போய்விட்ட மனிதர், மகனைப் பார்த்தபடி, அதே தப்பான தாளத்தைப் போட்டார். சின்ன முதலாளி உட்கார்ந்தார். நான் முடிக்கும் வரை அந்தக் கை நிற்கவில்லை.

எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறேன். கன்னியப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பொறுமையை அல்ல. அது எனக்கு வராது, வேண்டவும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமைத் தனியை எடுத்துக்கொண்டேன். நேற்று சனிக்கிழமை, மதியம் எல்லோரையும் உட்கார வைத்தேன். மாசிலாமணி பேசினார். சின்ன முதலாளி வாசல் வரை வந்து நின்றார். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.